வரி நீங்கியும் திறவாத வாசல்

2025ஆம் ஆண்டு மே மாதம் மும்பையிலிருந்து விமானம் ஏறி அமெரிக்கா சென்ற மாம்பழங்கள் அந்நாட்டு மண்ணிலேயே அழிக்கப்பட்டன. அவற்றில் புழு இருந்ததாக எவரும் கூறவில்லை. அழுகல் இருந்ததாகவும் கூறவில்லை. பூச்சிகளை ஒழிப்பதற்காகப் பழங்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டதைச் சான்றளிக்கும் படிவம் சரியாக நிரப்பப்படவில்லை என்பதே குற்றம். லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் குறைந்தது 15 சரக்குகள் இவ்வாறு மறிக்கப்பட்டன. நவி மும்பையில் உள்ள அந்தக் கதிர்வீச்சு நிலையத்தில் மேற்பார்வை செய்பவர் அமெரிக்க வேளாண்துறையின் அலுவலரே. அவருடைய சான்றின்றி ஒரு பெட்டியும் விமானம் ஏறாது. ஆயினும் பிழையின் விலையைச் செலுத்தியவர்கள் ஏற்றுமதியாளர்கள். பழத்தைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள், அன்றேல் அழித்துவிடுங்கள் என்று இரு வழிகள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. நாள்பட நில்லாத பண்டத்தை, திருப்பிக் கொணரும் கூலிக்கும் கட்டுப்படியாகாத பண்டத்தை என்ன செய்வது? அழித்தார்கள். இழப்பு ஏறத்தாழ 5 இலட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியில் சுங்கவரி என்னும் சொல்லுக்கு இடமே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். வரியை அடியோடு நீக்கியிருந்தாலும் அந்தப் பழங்கள் கொட்டப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் நாடுகளுக்கிடையே தடையற்ற வாணிப ஒப்பந்தம் கையெழுத்தாகும் போதெல்லாம் நமக்குப் பெருமிதத்தோடு அறிவிக்கப்படுவது வரிக்குறைப்பு ஒன்றுதான். 2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்துடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. வேளாண் பொருள்களிலும் பதப்படுத்திய உணவுகளிலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேற்பட்ட இனங்களுக்கு வரியே இல்லை என்று அரசு அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கி, 2013இல் முடங்கி, 2022இல் மீண்டும் உயிர்பெற்ற பேச்சுவார்த்தை 2026 ஜனவரி 27 அன்று முடிவுற்றதாக அறிவித்தனர். அறிவித்த அதே மூச்சில், இறக்குமதியாகும் உணவுப்பொருள் அனைத்தும் தங்கள் உணவுப் பாதுகாப்பு விதிகளுக்கு முன்போலவே உட்பட்டாக வேண்டும் என்பதையும் ஐரோப்பியத் தரப்பினர் தம் மக்களுக்கு உறுதிப்படுத்தினர். ஒரு கதவு திறந்தது என்று நாம் மகிழ்ந்தோம். அதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. நாம்தான் பார்க்கவில்லை.

பாராமல் விட்டது இன்று நேற்றன்று. 1991 டிசம்பரில் டங்கல் வரைவு வெளிவந்தபோது நம் நாட்டில் எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். விதை பறிபோகும், மானியம் பறிபோகும், வேப்பிலைக்கும் மஞ்சளுக்கும் காப்புரிமை வாங்கிவிடுவார்கள் என்று மேடைதோறும் முழங்கினோம். அந்த அச்சங்களில் நியாயம் இருந்தது. ஆனால் 1994 ஏப்ரலில் மராக்கேஷ் நகரில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி முதல் நாளில் உலக வாணிப அமைப்போடு சேர்ந்து பிறந்த உடன்படிக்கைகளுள் ஒன்று, மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் நலம் காக்கும் நடவடிக்கைகளைப் பற்றியது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசினோம்? நோயையும் நஞ்சையும் தடுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று அது சொல்கிறது. அத்தடை அறிவியல் சான்றின் மேல் நிற்க வேண்டும் என்றும், வளரும் நாடுகளுக்குக் காலஅவகாசம் தரலாம் என்றும் சொல்கிறது. வாசிப்பதற்கு நீதியான ஏடு. அதன் சொற்களுக்குப் பொருள் கூறும் ஆய்வுக்கூடங்களும் அறிஞர் படையும் எவரிடம் உள்ளனவோ அவருக்கே அது ஆயுதம் என்பதைக் காலங்கடந்தே அறிந்தோம்.

பாசுமதி அரிசியை எடுத்துக்கொள்வோம். நெல்லைத் தாக்கும் குலை நோய்க்கு டிரைசைக்ளசோல் என்னும் மருந்தைப் பஞ்சாப், ஹரியானா உழவர்கள் தெளித்துவந்தனர். ஒரு கிலோ அரிசியில் இம்மருந்தின் எச்சம் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய வரம்பு, 2018 ஜனவரி முதல் 0.01 மில்லிகிராம் ஆயிற்று. எண்ணாக வாசித்தால் இதன் கடுமை புலப்படாது. 25 டன் அரிசி ஏற்றிய ஒரு கன்டெய்னரில் மொத்தம் கால் கிராம் மருந்துக்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கு திரும்ப வேண்டும். இந்த 0.01 எங்கிருந்து வந்தது? இந்த அளவைத் தாண்டினால் உடலுக்குக் கேடு என்று யாரேனும் கண்டறிந்தார்களா? இல்லை. ஒரு மருந்து தங்கள் வயல்களில் அனுமதிக்கப்படாதபோது, அதற்கெனத் தனி வரம்பு வகுக்கப்படாதபோது, ஐரோப்பியர் தாமாகவே பொருத்தும் பொது வரம்பு அது. கருவியின் கண்ணுக்கு எட்டும் கடைசி எல்லை என்றும் சொல்லலாம். குலை நோய் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அன்னியம். ஆகவே அதன் மருந்துக்காக வாதாட அங்கே ஆளில்லை.

நம் அரசு காலநீட்டிப்புக் கேட்டது. கிடைக்கவில்லை. அந்த மருந்தை அவ்வளவாகப் பயன்படுத்தாத பாகிஸ்தான் உழவர்களுக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. (அவர்களும் உழவர்களே, அவர்கள் பிழைத்ததில் நமக்கு வருத்தமில்லை.) ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2021இல் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் குலை நோயைத் தாங்கும் பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகிய இரகங்களை வெளியிட்டது. தெளிக்கவேண்டிய தேவையையே குறைக்கும் வித்து அது. கேட்ட அவகாசம் ஏமாற்றுக்கான அவகாசம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஒரு புதிய நெல்லை உருவாக்க ஆண்டுகள் ஆகும். ஒரு வரம்பை மாற்ற ஓர் அரசிதழ் போதும். இந்த இரண்டு காலங்களுக்கும் இடையே அகப்பட்டு நசுங்குபவன் உழவன்.

எள்ளின் கதை இன்னும் விசித்திரமானது. 2020 செப்டம்பரில், இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயுவின் எச்சம் இருப்பதாகப் பெல்ஜியம் எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே இந்திய எள் வரும் சரக்குகளில் பாதியைச் சோதித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஆணையிட்டது. அவ்வாயு புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. அதை நாம் குறைத்துரைக்க விரும்பவில்லை. ஆனால் அது ஏன் எள்ளில் செலுத்தப்பட்டது? சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருந்தால் எந்த நாடும் எள்ளை ஏற்பதில்லை. அதைக் கொல்லவே இவ்வாயு. அமெரிக்க விதிகளின்படி ஒரு கிலோ எள்ளில் இதன் எச்சம் 7 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஐரோப்பாவிலோ 0.05 மட்டுமே. ஒரே எள், ஒரே வாயு, வரம்பு 140 மடங்கு வேறு! இரண்டு நாட்டு மக்களின் ஈரல்களும் இருவேறு விதமாகப் படைக்கப்பட்டனவா? ஒருவர் கேட்டபடி கிருமியைக் கொன்றால் மற்றவர் வாயுவுக்காகத் திருப்புகிறார். வாயுவை விட்டால் கிருமிக்காகத் திருப்புகிறார். நீராவியால் தூய்மை செய்யும் இயந்திரம் இருக்கிறதே என்பர். இருக்கிறது, அதை வாங்கும் வசதி பெரு வணிகனுக்கு இருக்கிறது.

இத்தகைய வரம்புகளின் கணக்கை ஒருமுறை உலக வங்கியின் ஆய்வாளர்களே போட்டுப் பார்த்தனர். நிலக்கடலை, தானியம், உலர்பழம் போன்றவற்றில் பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு, உலகப் பொது அளவைவிடக் கடுமையான வரம்பை ஐரோப்பா விதிக்க முனைந்த காலம் அது. 2001இல் வெளியான அவர்களது மதிப்பீட்டின்படி, அக்கடுமையால் காப்பாற்றப்படக்கூடிய உயிர்கள் நூறு கோடிப் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1.4, ஒன்பது ஆப்பிரிக்க நாடுகள் இழக்கக்கூடிய ஏற்றுமதி 67 கோடி டாலர். ஓர் உயிரும் விலைமதிப்பற்றது என்பது நம் விசுவாசம். அதில் நாம் பின்வாங்கவில்லை. ஆனால் செனெகல் நாட்டுக் கடலை உழவனின் குழந்தை இழக்கும் மருந்தும் பள்ளியும் அந்தத் தராசில் எந்தத் தட்டில் வைக்கப்பட்டன என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டு ஏற்றுமதியாளர்கள் மகிழக்கூடும். அவர்கள் மகிழ்ச்சியை முழுமையாக்க நாம் இதை எழுதவில்லை. எந்தத் தடையைக் கண்டாலும் ‘வெள்ளையர் சூழ்ச்சி’ என்று கூவுவது நம்மவர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. சூழ்ச்சி இல்லாத இடமும் உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து எண்டோசல்ஃபான் பொழியப்பட்டது. தலை பெருத்தும் கைகால் முடங்கியும் பிறந்த குழந்தைகளின் படங்களை நாம் எல்லாரும் கண்டோம். அம்மருந்துக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது 2011இல். அந்தக் குழந்தைகளுக்காக எழுந்த குரலையும் அந்நியச் சதி என்று சொன்னவர்கள் இருந்தார்களே! 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும், கூடவே கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகியவற்றையும் தடுத்தபோது, பழ ஈக்களும் பிற பூச்சிகளும் அதற்கு முந்தைய ஆண்டு 207 சரக்குகளில் அகப்பட்டிருந்தன என்பது மறுக்கப்படாத உண்மை. சிப்பமிடும் கூடங்களைச் சீர்செய்தோம். 2015 ஜனவரியில் மாம்பழத் தடை நீங்கியது. நம் வீட்டைப் பெருக்கியதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அயலான் சொல்லும் வரை பெருக்காமல் இருந்ததற்கு வெட்கப்படலாம்.

எனவே தரம் வேண்டாம் என்பதன்று நம் வழக்கு. எடைக்கல் இரண்டாக இருக்கக் கூடாது என்பதே வழக்கு. பையில் பெரியதொன்றும் சிறியதொன்றுமாக எடைக்கற்கள் வைத்திருப்பவனை விவிலியம் எவ்வாறு கருதுகிறது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தம் மக்களின் தட்டில் கால் கிராமையும் பொறுக்காத ஐரோப்பிய நாடுகளிலிருந்து, அந்நாடுகளின் வயல்களில் தெளிக்கவே தடை செய்யப்பட்ட பூச்சிமருந்துகளும் களைக்கொல்லிகளும் 2018ஆம் ஆண்டில் மட்டும் 81,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்டன. பிரேசில், மொராக்கோ, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்கு அவை சென்றன. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2007இலிருந்து அங்கே தடை செய்யப்பட்டது. எனினும் இங்கிலாந்தின் தொழிற்சாலையில் தயாராகிக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. இத்தகைய ஏற்றுமதியைச் சட்டத்தால் தடுக்கப் பிரான்சு முன்வந்தது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். மற்றவர்களை நோக்கி நாம் கேட்பது இதுதான்: நஞ்சை விற்கும்போது சுதந்திர வாணிபம், நஞ்சு பட்ட பயிரை வாங்கும்போது மட்டும் மனச்சாட்சியா?

ஆனால் இரண்டாவது எடைக்கல் நம் பையிலும் கிடக்கிறது. பாசுமதி திரும்பி வந்ததைக் கண்ட பஞ்சாப் அரசு, 2023 ஆகஸ்டில் 10 மருந்துகளை 60 நாள்களுக்குத் தடை செய்தது. நல்ல செயல். எந்தப் பயிருக்கு? பாசுமதிக்கு மட்டும். கடல் கடக்கும் நெல்லுக்கு வேண்டாத நஞ்சு, நியாயவிலைக் கடைக்கு வரும் நெல்லுக்கு இருக்கலாம் என்றால் அதன் பொருள் என்ன? ஐரோப்பியன் உடலை ஐரோப்பிய அரசு காக்கிறது. நம் உடலைக் காப்பது யார்? துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்படும் மூட்டைகள் பின்னர் எங்கே போகின்றன என்று வணிகர் ஒருவரை நாம் ஒருமுறை கேட்டோம். அவர் நம்மை வியப்போடு பார்த்தார். “உள்ளூரில் போய்விடும், ஐயா” என்றார். கெட்ட எண்ணம் உள்ளவர் அல்லர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருபவர். அந்த ‘உள்ளூர்’ என்னும் சொல்லில் தம் மனைவி மக்களும் அடங்குவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

வாசலை நாமே அடைத்த கதைகளையும் மறைக்க வேண்டாம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை ஓர் இரவில் நிறுத்தினோம். 2024 செப்டம்பரில்தான் விட்டோம். 2023 டிசம்பரில் வெங்காயத்தை நிறுத்தி, அடுத்த மே மாதம் விட்டோம். உள்நாட்டு விலைக்காகச் செய்தது என்பர். நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க ஏழைகள் இதை என்னவென்று அழைத்திருப்பார்கள்?

இத்தனைக்கும் இடையே சிறு உழவன் நிலை யாது? இராமநாதபுரம் சீமையின் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டு மிளகாய் என்று நாம் அழைப்பது அதைத்தான். மானாவாரி நிலத்தில், வானத்தைப் பார்த்து வளரும் பயிர். பழுத்ததும் பறித்து வத்தலாக்க வேண்டும். உழவனுக்குச் சிமெண்டுக் களம் இல்லை. தார்ப்பாய் இருந்தால் பெரிது. மண்தரையிலும் சாலையோரத்திலும் பரப்புகிறான். இரவுப் பனியில், ஒரு மாசித் தூறலில், காயாத வத்தலில் பூஞ்சணம் பற்றுகிறது. அஃப்ளாடாக்சின் அங்கே பிறக்கிறது. வயலில் அவன் ஒரு சொட்டு மருந்தும் அடிக்காதிருக்கலாம். ஆய்வுக்கூடம் அவனையும் நஞ்சிட்டவன் என்றே எழுதும். ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சில ஆயிரம் ரூபாய். இரண்டு ஏக்கர்க்காரன் எதை விற்றுச் சோதிப்பான்? அவன் கமிஷன் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு போகிறான். ஏற்றுமதியாளரோ சான்றிதழும் பதிவேடும் தரவல்ல பெரிய பண்ணைகளைத் தேடிச் செல்கிறார். அவரைக் குறை சொல்லவும் இயலவில்லை. கன்டெய்னர் திரும்பினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் அவர். ஆனால் இப்படியே போனால் தடையற்ற வாணிபம் என்பது, சிறியவன் தானாகவே உதிர்ந்துபோகும் ஓர் ஏற்பாடாக முடியும்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், 1967இல், திருத்தந்தை ஆறாம் பவுல் ‘பொப்புலோரும் புரோகிரசியோ’ என்னும் சுற்றுமடலில் இந்தச் சிக்கலைத் தொட்டார். கூலி ஒப்பந்தத்தில் தொழிலாளி தானே இசைந்தான் என்பதால் மட்டும் அது நீதியாகிவிடாது என்று பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் கற்பித்ததை அவர் நாடுகளுக்கும் பொருத்திக் காட்டினார். வலுவில் ஒத்தவர்களுக்குள் நடந்தால் சுதந்திர வாணிபம் நன்று; வலியவனுக்கும் எளியவனுக்கும் இடையே அதுவே எளியவனை நசுக்கும் என்பது அவர் கருத்து. இன்று ஒப்பந்த மேசையில் நம் அதிகாரிகளும் கையெழுத்திடுகிறார்கள், மகிழ்ச்சியோடுதான் இடுகிறார்கள். அந்த இசைவு ஒன்றே போதுமா என்பதுதான் கேள்வி.

போதாது என்கிறோம். வரியைப் பற்றிப் பேசும் அதே மேசையில், நம் ஆய்வுக்கூடம் தந்த சான்றை அவர்கள் துறைமுகம் ஏற்குமா என்று முதலில் பேசவேண்டும். ஒரு வரம்பை மாற்றுவதானால், புதிய வித்து வயலுக்கு வந்துசேரும் காலத்தையேனும் தரவேண்டும். ஒரு நாட்டில் விற்கத் தடையான மருந்தை அந்நாடு நமக்கு ஏற்றுமதி செய்யாது என்று எழுதி வாங்கவேண்டும். இவற்றைக் கேட்கும் தகுதி நமக்கு வரவேண்டுமானால், திரும்பி வந்த சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குள் நுழையாமல் தடுக்கவும், பாசுமதிக்கு வகுத்த விதியைப் பொன்னிக்கும் வகுக்கவும் நாம் துணியவேண்டும். ஆய்வுச் செலவை இரண்டு ஏக்கர்க்காரன் தலையிலிருந்து இறக்கவேண்டும். இவற்றுள் பிரசல்ஸ் நகரின் அனுமதி தேவையில்லாதவை பாதி உள்ளன.

நம் பங்குகளில் உழவர் சங்கங்கள் இருக்கின்றன. பொதுக்களம் ஒன்றும் பத்துத் தார்ப்பாய்களும் வத்தலின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றும் ஓர் ஊரார் கூடினால் வாங்கக்கூடியவைதாம். திருவிழாத் தேர் அலங்காரத்துக்கு ஆகும் செலவைவிட இது அதிகமென்று எவரும் கணக்குக் காட்டவில்லை. ஒப்பந்தங்கள் இங்கிலாந்தோடும் ஐரோப்பாவோடும் முடிந்துவிட்டன. இராமநாதபுரத்தில் வத்தல் இன்னும் சாலையோரத்தில்தான் காய்கிறது.